மூலையில் நிற்கவிடாத விளையாட்டு

2009 நவம்பர், கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு மாடியறை. நான்கு பேர், ஒரே கணினி. பெங்களூருவில் வேலை பார்த்த நண்பன், ஜாம்பிகள் என்ற நடமாடும் பிணங்களைச் சுட்டுத் தப்பிக்கும் லெஃப்ட் ஃபோர் டெட் 2 என்ற வீடியோ விளையாட்டின் டெமோவை, அதாவது இலவச முன்னோட்டப் பதிப்பை, தன் அறையில் இரவெல்லாம் ஓடவிட்டு இறக்கி, ஹார்டு டிஸ்கில் போட்டு, வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ஸில் கொண்டுவந்திருந்தான். எங்கள் வீட்டு இணைப்பில் அதை இறக்க முயன்றிருந்தால், டெமோ முடிவதற்குள் முழு விளையாட்டே விற்பனைக்கு வந்திருக்கும்.

நால்வர் கூடி ஆட வேண்டிய ஆட்டத்தை ஒருவர் ஆட, மூவர் கட்டிலில் உட்கார்ந்து யோசனை சொன்னோம். மற்ற மூன்று பாத்திரங்களையும் கணினியே இயக்கியது. ஆடுபவர் செத்தால் ஆட்டம் முடிந்தது, நாற்காலி அடுத்தவருக்கு. அன்றிரவு நாற்காலி வெகு வேகமாகக் கைமாறியது. மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் செத்தோம். பூங்காவைத் தாண்டியதும் அதிகாரிகளின் தற்காலிகக் கூடாரங்களும் வண்டிகளும் நிற்கும் ஓர் இடம். அதற்குள் நுழைய ஒரு கதவைத் திறந்தாக வேண்டும். திறந்த நொடியில் அபாய ஒலி அலறும், நாலாபுறமும் ஜாம்பிகள் ஓடிவரும். நாங்கள் என்ன செய்தோம்? முந்தைய விளையாட்டு ஓராண்டாகப் பழக்கியதைச் செய்தோம். சுவரோரம் ஒரு மூலையாகப் பார்த்து நின்றோம், முதுகைச் சுவருக்குக் கொடுத்தோம், சுட்டோம். கூட்டம் வந்துகொண்டே இருந்தது. குண்டு தீர்ந்தது. செத்தோம்.

“இது சரியில்லை” என்றான் பெங்களூருவில் இருந்து வந்தவன். “பழையதில் இப்படி முடிவில்லாமல் வராது.”

டெமோ வெளியான அந்த வாரங்களில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் சொன்னதும் இதுதான். புதிய விளையாட்டு அநியாயமாகக் கடினம், ஒரே குழப்பம், பழையதின் ஒழுங்கு இல்லை. அந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ள ஐந்து மாதம் பின்னால் போக வேண்டும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள வால்வ் நிறுவனம் நிதானத்துக்குப் பெயர் போனது. அதன் ஹாஃப் லைஃப் 1998-இல் வந்தது, இரண்டாம் பாகம் 2004-இல் வந்தது. அப்படிப்பட்ட நிறுவனம் 2008 நவம்பரில் லெஃப்ட் ஃபோர் டெட் விளையாட்டை வெளியிட்டு, 2009 ஜூன் 1 அன்று லாஸ் ஏஞ்சலஸ் வீடியோ விளையாட்டுக் கண்காட்சியில் அதன் இரண்டாம் பாகத்தை அறிவித்தது. வெளியீடு அதே ஆண்டு நவம்பர் 17. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஓராண்டுதான். முதல் பாகத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு இது துரோகமாகப் பட்டது. காரணம் இல்லாமலும் இல்லை. டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற தன் இன்னொரு விளையாட்டுக்கு வால்வ் தொடர்ந்து புதிய ஆயுதங்களையும் களங்களையும் இலவசமாகவே கொடுத்துவந்தது. இதற்கும் அப்படியே வரும் என்று நம்பி வாங்கியவர்கள் அதிகம். ஏப்ரலில் சர்வைவல் என்ற கூடுதல் முறை மட்டும் வந்திருந்தது. மீதியெல்லாம் தனி விலையில் இரண்டாம் பாகமாக வருகிறது என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

வால்வின் இணைய விளையாட்டுக் கடையான ஸ்டீம் தளத்தில் புறக்கணிப்புக் குழு ஒன்று உருவாகி, உறுப்பினர் எண்ணிக்கை 30,000-ஐத் தாண்டியது. வால்வ் செய்த பதில் காரியம் விசித்திரமானது. செப்டம்பரில் அந்தக் குழுவை நடத்திய இருவரைத் தன் செலவில் விமானத்தில் வரவழைத்து, அலுவலகத்தில் உட்காரவைத்துப் புதிய விளையாட்டை ஆடக் கொடுத்தது. ஆடிப் பார்த்தவர்களின் குரல் மென்மையானது. அக்டோபரில் குழு மூடப்பட்டது. ஊர்ப் பஞ்சாயத்தில் எதிர்க்கட்சிக்காரரை வீட்டுக்கு அழைத்து விருந்து போட்டு வழக்கை முடிப்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் விருந்து சாப்பிட்டவர் இருவர்தான். மற்றவர்கள் பசியோடும் சந்தேகத்தோடும் டெமோவுக்காகக் காத்திருந்தார்கள். அக்டோபர் கடைசியில் முன்பதிவு செய்தவர்களுக்கும், ஒரு வாரம் கழித்து மற்றவர்களுக்கும் அது கிடைத்தது.

ஆகவே அந்த டெமோவைத் திறந்தவர்களில் பெரும்பாலோர் ரசிக்க வரவில்லை. குறை பிடிக்க வந்தார்கள். எங்கள் மாடியறையும் அப்படித்தான்.

டெமோவில் இருந்தவை இரண்டே களங்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் நடக்கும் ‘தி பாரிஷ்’ என்ற கடைசிப் பயணத்தின் முதல் இரண்டு பகுதிகள் அவை. படகுத்துறையில் இறங்கி, இரும்பு வேலைப்பாட்டு மாடங்கள் தொங்கும் பழைய பிரெஞ்சுத் தெருக்கள் வழியாக நடந்து, பூங்காவைக் கடந்து ஒரு கோபுரம் வரை போக வேண்டும். 2005-இல் கத்ரீனா புயலில் மூழ்கிய ஊர் அது. நான்கே ஆண்டுகள் கழித்து அங்கே பிணங்களை உலவவிட்டது பற்றி அமெரிக்காவில் தனியே ஒரு மனவருத்தம் இருந்தது. எங்களுக்கு அது அப்போது தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெயில். முதல் பாகம் முழுக்க முழுக்க இரவு. கைவிளக்கு வெளிச்சத்தில் என்ன வருகிறது என்று தெரியாமல் நடப்பதில்தான் பயமே இருந்தது. இங்கே பட்டப்பகல். “பேய்க்கதையைப் பத்து மணி வெயிலில் வைத்துச் சொல்கிறார்கள்” என்று நான் சொன்னேன். அந்தக் குறையை இன்றைக்கும் முழுதாகத் திரும்பப் பெறமாட்டேன். பகல் அந்த விளையாட்டின் பயத்தைக் குறைத்தது உண்மை. பதிலுக்கு அது தந்த ஒன்றும் உண்டு. முன்பு விட்ச் என்ற, அழுதுகொண்டே இருக்கும் பெண் ஜாம்பி இருட்டில் ஓரிடத்தில் குந்தியிருப்பாள், கைவிளக்கை அணைத்துவிட்டுச் சுற்றிப் போய்விடலாம். பகல் களங்களில் அவள் எழுந்து நடமாடுகிறாள். அழுதுகொண்டே நடுத்தெருவில் நம் பக்கமாக நடந்துவருகிறவளிடமிருந்து ஒதுங்கிப் போவது எப்படி?

இனி அந்த மூலைக்கு வருவோம். முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது.

முதல் பாகத்தை வடிவமைத்தது கலிஃபோர்னியாவில் மைக் பூத் தொடங்கிய டர்ட்டில் ராக் என்ற சிறிய நிறுவனம். வால்வ் அதை 2008 ஜனவரியில் வாங்கியது. பூத்தின் பெரிய யோசனை, ஜாம்பிகள் எங்கே எப்போது வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்காமல், ஆட்டத்தைக் கவனித்துக்கொண்டே முடிவெடுக்கும் ஒரு நிரலிடம் அதை விட்டுவிடுவது. அதற்கு டைரக்டர் என்று பெயர். அது ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பதற்றத்தின் அளவாக ஓர் எண் வைத்திருக்கும். அடிபட்டால் எண் ஏறும். கீழே விழுந்தால் நன்றாக ஏறும். ஜாம்பி பக்கத்தில் செத்தாலும் ஏறும், எவ்வளவு அருகில் செத்தது என்பதைப் பொறுத்து. சண்டை ஓய்ந்தால் மெல்ல இறங்கும். எண் உச்சத்தைத் தொட்டதும் டைரக்டர் மூன்று முதல் ஐந்து நொடி வரை அதை அங்கேயே நிறுத்தும். பிறகு கூட்டம் அனுப்புவதை நிறுத்திவிட்டு, பதற்றம் இறங்கும்வரை காத்திருக்கும். அதன்பின் 30 முதல் 45 நொடி வரை மூச்சுவிட இடம் கொடுக்கும். அதற்குள் வேகமாக முன்னேறிவிட்டால் அந்த ஓய்வும் சீக்கிரம் முடியும்.

தருமபுரிப் பக்கம் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது புரியச் சிரமம் இருக்காது. கூட்டம் விழித்திருக்கிறதா, குழந்தைகள் தூங்கிவிட்டனவா என்று பார்த்துக் கட்டியங்காரனின் வேடிக்கையை நீட்டுவார் கூத்து வாத்தியார். சபை சூடாகிவிட்டால் நேரே துகில் உரிதலுக்குப் போய்விடுவார். கதை மாறாது, அளவு மாறும். டைரக்டர் செய்வதும் அதுதான். என்ன, நம்மைச் சிரிக்கவைக்கும் எண்ணம் அதற்கு இல்லை.

ஆனால் மனிதர்கள் எந்த வாத்தியாரையும் ஓராண்டில் படித்துவிடுவார்கள். முதல் பாகத்தில் பெரிய சண்டைகள் பலவும் ஒரே அச்சு. ஒரு பொத்தானை அழுத்துவீர்கள், மின்தூக்கி வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். ஆகவே ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த உத்தி எளிமையானது. ஒரு சிறிய அறை, ஒரே வாசல், நான்கு பேரும் உள்ளே. வருகிறவற்றைத் துப்பாக்கிக் கட்டையால் தள்ளித் தள்ளிச் சுட்டால் போதும். பயங்கரமான விளையாட்டு மெல்ல ரேஷன் கடை வரிசையாக மாறிவிட்டது, வரிசையில் வருபவர்களை ஒவ்வொருவராக அனுப்பும் வேலை.

இரண்டாம் பாகத்தின் டெமோவில் புதிதாக வந்த மூன்று ஜாம்பிகளை இந்த அறிவோடு பார்க்க வேண்டும். ஸ்பிட்டர் அமிலத்தைத் துப்புகிறாள், அது தரையில் பரவி நிற்பவர்களின் காலடியை எரிக்கிறது. சிறிய அறைக்குள் நால்வர் நின்றால் நால்வருக்கும் சேர்த்து ஒரே துப்பு. சார்ஜர் ஒற்றைப் பெருங்கையோடு மாடு முட்டுவதுபோல் நேர்கோட்டில் ஓடிவந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு போகிறான், வழியில் நெருங்கி நிற்பவர்கள் சிதறுகிறார்கள். எங்கள் பக்கத்து எருது விடும் விழாவில் வாடிவாசலுக்கு நேரே கும்பலாக நிற்பவர்களுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜாக்கி தோளில் ஏறி உட்கார்ந்து, நம்மையே வண்டியாக ஓட்டிக் கூட்டத்தை விட்டு வெளியே இழுத்துப் போகிறான். மூன்றும் ஒரே நோக்கத்துக்கு. மூலையில் நிற்பவர்களை வெளியே கொண்டுவருவது. டெமோ ஆடியவர்கள் பலரும் இவற்றை வெறும் எண்ணிக்கை கூட்டல் என்று நினைத்தார்கள். புதிய விளையாட்டு என்று காட்டுவதற்காக நாலு புது வேஷம் கட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று நாங்களும் சொன்னோம். உண்மையில் அவை எங்கள் பழக்கத்துக்கு எழுதப்பட்ட மருந்துச் சீட்டு.

பூங்காவின் அபாய ஒலியும் அதே சீட்டின் அடுத்த வரி. அங்கே கூட்டம் முடிவில்லாமல் வருவது தவறாக நிகழ்ந்தது அல்ல, அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. ஒலி நிற்கும்வரை கூட்டம் நிற்காது. ஒலியை நிறுத்தும் பொத்தான் கோபுரத்தின் மேலே. நின்று காப்பவன் செத்துப்போவான், ஓடுபவனுக்கு மட்டும் வழி உண்டு.

இதை எங்கள் அறையில் முதலில் கண்டுகொண்டவன் நான்காவதாக நாற்காலியில் உட்கார்ந்த, தளி என்ற ஊரைச் சேர்ந்த நண்பன். வீடியோ விளையாட்டில் அவனுக்கு எங்கள் அளவு அனுபவம் கிடையாது. கதவைத் திறந்தான், சைரன் அலறியது, நாங்கள் மூவரும் ஒரே குரலில் “மூலைக்குப் போ, மூலைக்குப் போ” என்று கத்தினோம். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“சத்தம் நின்றால்தானே வருவது நிற்கும்? மூலையில் நின்று யாருக்காகக் காத்திருப்பது?” என்று சொல்லிக்கொண்டே ஓடினான்.

அவன் அப்பா தேன்கனிக்கோட்டைக் காட்டோரம் ராகி பயிரிடுபவர். அக்டோபர் கழிந்து கதிர் முற்றும் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கும். அந்த மாதங்களில் பள்ளி விட்டு வந்ததும் அவனும் பரணில் காவல் இருந்தவன். பட்டாசு, தகர டப்பா, டார்ச். காவலுக்குத் தனியாக யாரும் போவதில்லை, இறங்கினால் சேர்ந்து இறங்குவது, ஒருவன் பின்தங்கினால் எல்லோரும் நிற்பது. அன்று அவன் இதையெல்லாம் பேசவில்லை. நான்தான் பிறகு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அது சரியான முடிச்சா என்று அவனிடம் கேட்டபோது, “யானையைப் பார்த்து ஓடுவது வேறு, கம்ப்யூட்டரில் ஓடுவது வேறு” என்று சிரித்துவிட்டான். நியாயமான பதில். எது எப்படியோ, கோபுரத்தின் பாதிவரை போய்ச் சேர்ந்தான். ஹன்டர் என்ற பாயும் ஜாம்பி ஒன்று அமுக்கியது. கணினி இயக்கிய மூன்று தோழர்களும் ஒரு படிக்கட்டுக் கீழே நின்று எதையோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். அமுக்கப்பட்டவனை இன்னொருவர் வந்து விடுவித்தால்தான் உண்டு. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள அந்த விளையாட்டு இடம் தருவதில்லை.

ஆயுதங்களைப் பற்றி அன்று நாங்கள் அடித்த கருத்துகளும் இதே கதைதான். இரண்டாம் பாகத்தில் கைச்சண்டை ஆயுதங்கள் வந்தன. கோடரி, வெட்டுக்கத்தி, மின்கித்தார், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாணலி. ஜாம்பி மண்டையில் வாணலி விழும்போது கிளம்பும் ‘டங்’ சத்தத்துக்காகவே இரண்டு பேர் நாற்காலியைச் சண்டையிட்டு வாங்கினோம். பத்து நிமிடத்தில் தீர்ப்பும் எழுதினோம்: இது ஆட்டத்தை எளிதாக்கிவிட்டது, குண்டே தேவையில்லை. நாங்கள் கவனிக்காதது, வாணலி கைத்துப்பாக்கியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதை. தூரத்தில் ஸ்மோக்கர் என்ற ஜாம்பி நாக்கை நீட்டி ஒரு தோழரை இழுக்கும்போது பெரிய துப்பாக்கியில் குண்டு இல்லையென்றால், வாணலியை ஆட்டிக்கொண்டு பார்த்து நிற்கலாம்.

புதிய பொருள்கள் எல்லாமே இப்படி வைக்கப்பட்டிருந்தன. இறந்தவரை எழுப்பும் மின் அதிர்வுக் கருவியை எடுத்தால் மருத்துவப் பெட்டியைக் கீழே வைக்க வேண்டும். ஓடவும் வேகமாகச் செயல்படவும் உதவும் அட்ரினலின் ஊசியை எடுத்தால் வலி மாத்திரை கிடையாது. பூமர் என்ற ஜாம்பியின் பித்தநீர் அடைத்த, எறியும் குப்பியை எடுத்தால் தீக்குண்டு கிடையாது. புதுச் சரக்கு கொடுத்தார்கள், புதுப் பை கொடுக்கவில்லை. ஆகவே நால்வரும் கூடிப் பேசி யார் எதைச் சுமப்பது என்று பிரித்துக்கொள்ள வேண்டியதாகிறது. இரண்டு களம் மட்டும் ஆடுகிறவருக்கு இந்த இழுபறி தெரியவே வராது. பற்றாக்குறை வந்தால்தான் பங்கீடு வரும். டெமோ பற்றாக்குறை வருவதற்குள் முடிந்துவிடும்.

டெமோவால் சொல்ல முடிந்ததைச் சொன்ன பாத்திரம் ஒன்று உண்டு. முன்பக்கம் முழுக்கக் கவசம் அணிந்த கலவரத் தடுப்புப் போலீஸ் ஜாம்பி. நேரே சுட்டால் குண்டு தெறித்துப் போகும். தள்ளிவிட்டால் திரும்புவான், அப்போது முதுகில் சுட வேண்டும். தனியாக இருப்பவருக்குத் தொல்லை. இருவர் இருந்தால் ஒருவர் தள்ள, மற்றவர் சுட, வேலை முடிந்தது. கீழே விழும்போது லத்தியைப் போட்டுவிட்டும் போவான், எடுத்துக்கொள்ளலாம். எங்கள் நால்வருக்கும் அன்று பிடித்திருந்தது அவன் ஒருவனைத்தான், சொல்லப்போனால்.

நியாயமான குறைகளும் இருந்தன. முதல் பாகத்தின் பில், ஸோயி, ஃபிரான்சிஸ், லூயிஸ் ஆகிய நால்வரோடு ஓராண்டு வாழ்ந்திருந்தோம். புதிய நால்வரான கோச், நிக், ரோஷெல், எல்லிஸ் டெமோவில் யாரென்றே தெரியாதவர்கள். கதையின் கடைசிப் பயணத்தைக் கொண்டுவந்து முதலில் காட்டினால், அவர்கள் ஏற்கெனவே பழகி முடித்தவர்களாகப் பேசிக்கொள்கிறார்கள், நாம் கல்யாண வீட்டில் வழிதவறி வந்தவரைப்போல் நிற்கிறோம். எதை முன்னால் வைப்பது என்பதில் வால்வ் செய்த தேர்வு தவறு என்றே நினைக்கிறேன். அதே பயணத்தின் அடுத்த களத்தில், ஆட்டத்துக்கு ஆட்டம் பாதை மாறும் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. டைரக்டர் இப்போது ஜாம்பிகளோடு வழியையும் மாற்றும் என்பதைக் காட்டும் அந்த இடம், ‘புதிதாக என்ன இருக்கிறது?’ என்று கேட்டவர்களுக்கு நேரடிப் பதிலாக இருந்திருக்கும். அதற்கு ஒரு கதவு முன்னால் டெமோ முடிந்துவிடுகிறது.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். நவம்பர் 17-இல் விளையாட்டு வெளியானது. முதல் பாகத்தின் ஆட்டக்காரர்கள் இரண்டாகப் பிரிந்துபோவார்கள் என்ற பயமும் மெல்லத் தீர்ந்தது. 2010 ஏப்ரலில் வந்த கூடுதல் பயணத்தில் பழைய நால்வரில் மூவர் புதியவர்களைச் சந்தித்தார்கள், பில் பிணமாகக் கிடந்தார். 2012-க்குள் முதல் பாகத்தின் பயணங்கள் அனைத்தும் இரண்டாம் பாகத்துக்குள் வந்து சேர்ந்தன. 2020 செப்டம்பரில், வெளியாகி ஏறக்குறைய பதினொரு ஆண்டு கழித்து, ஆட்டக்காரர்களே உருவாக்கிய பெரிய புதுப்பிப்பு ஒன்றை வால்வ் அதிகாரபூர்வமாக வெளியிட்டது. அது இலவசம். 2009-இல் கேட்ட பாக்கி அப்போதுதான் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

வேடிக்கை 2021-இல். வால்விடமிருந்து பிரிந்து மீண்டும் தனியாகிவிட்டிருந்த டர்ட்டில் ராக், பேக் ஃபோர் பிளட் என்ற புதிய விளையாட்டின் சோதனைப் பதிப்பை ஆகஸ்டில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஆடியவர்களின் முதல் அபிப்பிராயத்தைப் படித்தபோது எங்கள் மாடியறை ஞாபகம் வந்தது. பாத்திரங்களில் உயிரில்லை, ஒரே குழப்பம், பழையதின் ஒழுங்கு இல்லை. இம்முறை அவர்கள் கையில் வைத்திருந்த அளவுகோல் லெஃப்ட் ஃபோர் டெட் 2. எந்த விளையாட்டைப் பன்னிரண்டு ஆண்டு முன் அதே வார்த்தைகளால் ஏசினோமோ, அதேதான்.

போன பொங்கல் விடுமுறையில் நால்வரும் மறுபடி ஆடினோம். இப்போது நாலு கணினி, நாலு வீடு. ஒருவன் ஓசூரில், ஒருவன் பெங்களூருவில், தளி நண்பன் தருமபுரியில், நான் அதே பழையபேட்டையில். பூங்காவின் கதவை அவன்தான் திறந்தான். சைரன் அலறியது. மூவர் கோபுரத்தை நோக்கி ஓடினோம். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் பெங்களூருக்காரனைக் காணவில்லை.

“எங்கேடா இருக்கிறாய்?”

ஹெட்போனில் சுடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு: “மூலையில்.”

தளி நண்பன் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கித் திரும்பி ஓடினான்.